சாய்ந்து செல்லும் படகு கவிழாதது ஏன்?

ஒகேனக்கல்லில் பரிசல் ஏறியிருக்கிறீர்களா? மூங்கில் பட்டைகளைக் கூடைபோல முடைந்து செய்த வட்டமான ஓடம் அது. முன்னாளில் அதன் அடியில் தோலைப் போர்த்துவார்கள். இப்போது பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டித் தார் பூசுகிறார்கள். நாலைந்து பேர் ஏறி உட்கார்ந்தாலும் அது பெரிதாகச் சாய்வதில்லை. பாறைகளுக்கிடையே சுற்றிச் சுழன்று போகிறதே தவிர, தட்டுப் போலக் கிடையாகவே மிதக்கிறது.

இந்தியக் கடற்படையின் பாய்மரப் படகான 'தாரிணி'யின் படம் ஒன்றை ஒருமுறை வகுப்பில் காட்டினேன். காற்று பாயை நிறைத்திருந்தது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, அதன் விளிம்பு தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. பென்னாகரம் பக்கத்து மாணவன் ஒருவன் எழுந்து கேட்டான்: "சார், நம்ம ஊர் பரிசலே சாயாம போவுது. இது இப்படிச் சாஞ்சுக்கிட்டு உலகத்தையே சுத்தி வந்துச்சுன்னு சொல்றீங்க. எது சார் பத்திரம்?"

நல்ல கேள்வி. "தாரிணிதான்" என்று ஒரே சொல்லில் விடை சொல்லிவிடலாம். ஆனால் காரணத்தைச் சொல்ல அந்த வகுப்பு நேரம் போதவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் தாரிணியைப் பற்றிச் சில விவரங்கள். கோவாவில் உள்ள அக்வேரியஸ் என்னும் படகுத் துறையில் கட்டப்பட்டு, 2017 பிப்ரவரியில் கடற்படையில் சேர்ந்தது. நீளம் ஏறத்தாழ 17 மீட்டர். அகலம் 5 மீட்டர். நிறை சுமார் 23 டன். பாய்மரத்தின் உயரம் 25 மீட்டர், அதாவது எட்டு மாடிக் கட்டடத்தின் உயரம். அடிப்பாகம் தண்ணீருக்குள் 2.5 மீட்டர் ஆழம்வரை இறங்கியிருக்கும். 2017 செப்டம்பர் 10ஆம் நாள் ஆறு பெண் அதிகாரிகள் இப்படகில் கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி 2018 மே 21இல் திரும்பினர். அடுத்த முறை, 2024 அக்டோபர் 2ஆம் நாள், இருவர் மட்டுமே புறப்பட்டனர். ஒருவர் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா. மற்றவர் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி. 25,000 கடல் மைலுக்கு மேல் பயணம் செய்து 2025 மே மாத இறுதியில் கோவா வந்து சேர்ந்தனர். வழியில், 2025 பிப்ரவரியில், தென் அமெரிக்காவின் தென்கோடியான ஹார்ன் முனையைத் தாண்டியபோது மணிக்கு 75 கிலோமீட்டர் வேகக் காற்றும், 5 மீட்டருக்கு மேல் எழும்பிய அலைகளும் அவர்களை எதிர்கொண்டன.

அந்தக் காற்றில் படகு சாயாமல் இருக்க முடியாது. ஏன் என்று பார்ப்போம்.

புளியங்கொட்டையும் பாயும்

காற்று பின்னாலிருந்து தள்ளினால் படகு முன்னே போகும். பரிசலில் ஒரு வேட்டியை விரித்துப் பிடித்தாலும் அது நடக்கும். ஆனால் பாய்மரப் படகு, காற்று வரும் திசையை நோக்கியும் போகிறது. நேருக்கு நேராக அல்ல. காற்றுக்குச் சுமார் 45 பாகை சாய்வாக ஒரு பக்கம் போய், பிறகு திரும்பி மறுபக்கம் போய், ஏற்காடு மலைப்பாதையில் பஸ் வளைந்து வளைந்து ஏறுவதுபோல ஏறிச் செல்கிறது.

ஈரமான புளியங்கொட்டை ஒன்றைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து அழுத்துங்கள். பக்கவாட்டில் அழுத்துகிறீர்கள், கொட்டையோ முன்னோக்கிப் பாய்கிறது! படகிலும் ஏறத்தாழ இதுதான் நிகழ்கிறது. ஒரு விரல், பாயின் மீது அழுத்தும் காற்று. மற்றொரு விரல், படகின் அடியில் தகடுபோலத் தண்ணீருக்குள் இறங்கியிருக்கும் ஏராவின் மீது அழுத்தும் நீர். விமானத்தின் இறக்கையைப் போல வளைந்திருக்கும் பாயின் மீது காற்று உண்டாக்கும் விசையை இரண்டு கூறுகளாகப் பிரித்தால், ஒரு கூறு முன்னோக்கியும் மற்றொரு கூறு பக்கவாட்டிலும் இருக்கும். காற்றை எதிர்த்துச் செல்லும்போது பக்கவாட்டுக் கூறே பெரியது. ஏரா அதைத் தடுக்கிறது. மிஞ்சுவது முன்னோக்கிய கூறு. பரிசலுக்கு ஏரா இல்லை. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வட்டம். எனவே அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. காற்று தள்ளும் பக்கம் போகும், அவ்வளவுதான்.

இதில்தான் சாய்வு வந்துவிடுகிறது. காற்றின் பக்கவாட்டு விசை பாயின் நடுவில், உயரத்தில் செயல்படுகிறது. நீரின் எதிர்விசை கீழே ஏராவில் செயல்படுகிறது. சமமான, எதிரெதிரான, ஒரே நேர்க்கோட்டில் அமையாத இரு விசைகள்! இதை 'இரட்டை' என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். நீர்க்குழாயைத் திறக்கும்போது உங்கள் இரு விரல்கள் செய்யும் வேலையே அது. இந்த இரட்டை படகைச் சாய்த்தே தீரும்.

எவ்வளவு வலிமையுடன் சாய்க்கும்? சிறு கணக்கு ஒன்று போடலாம். காற்று நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வீசினால் ஒரு சதுர மீட்டர் பாயின் மீது சுமார் 15 நியூட்டன் விசை ஏற்படும் என்று கொள்வோம். பாயின் பரப்பு 100 சதுர மீட்டர் எனில் விசை 1,500 நியூட்டன். இது ஏராவுக்கு மேல் 12 மீட்டர் உயரத்தில் செயல்பட்டால் சாய்க்கும் திருப்புத்திறன் 18,000 நியூட்டன் மீட்டர். காற்றின் வேகம் நான்கு மடங்காகி நொடிக்கு 20 மீட்டர் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹார்ன் முனையில் வீசிய காற்று ஏறத்தாழ இதுவே. விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும் ஆதலால், திருப்புத்திறன் நான்கு மடங்கு அல்ல, பதினாறு மடங்கு ஆகிவிடும்: 2,88,000 நியூட்டன் மீட்டர்!

அதனால்தான் காற்று வலுக்கும்போது மாலுமிகள் பாயைச் சுருக்குகிறார்கள். பாயைக் கீழே இறக்கிச் சுருக்கும்போது பரப்பு குறைகிறது. விசை செயல்படும் உயரமும் கூடவே குறைகிறது. இரண்டு நன்மை. பெரும்புயல் என்றால் பெரிய பாய்களை அடியோடு இறக்கிவிட்டு, தடித்த துணியில் செய்த சிறு 'புயல் பாய்' ஒன்றை மட்டும் கட்டுவார்கள். நள்ளிரவில், அலை வாரியடிக்கும் தளத்தில், இருவராக இதைச் செய்வதை எண்ணிப் பாருங்கள். பாய்மரப் படகில் செல்பவரின் திறமையில் பாதி, பாயை எப்போது சுருக்க வேண்டும் என்று அறிவதிலேயே இருக்கிறது என்பேன்.

நிமிர்வது எப்படி?

இனி மாணவனின் கேள்விக்கு வருவோம். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஓர் அண்டாவில் தண்ணீர் நிரப்புங்கள். அகலமான பலகைத் துண்டு ஒன்றை எடுத்து, ஒரு முகத்தில் சாக்கட்டியால் குறியிட்டு, அந்த முகம் மேலே இருக்குமாறு மிதக்க விடுங்கள். அடுத்து, சிறு பிளாஸ்டிக் புட்டி ஒன்றில் நாலு விரல்கடை மணல் போட்டு, புட்டியைக் கவிழ்த்தாலும் மணல் சரியாதபடி அதன் மேல் துணியை இறுக அடைத்து, மூடியை இறுக்கி, அதையும் மிதக்க விடுங்கள்.

பலகையின் ஓரத்தை விரலால் அழுத்துங்கள். அது நன்றாக எதிர்க்கிறது. புட்டியின் தலையை இலேசாகத் தட்டுங்கள். எதிர்ப்பே இல்லாமல் சாய்கிறது. எது உறுதியானது என்று இந்த நேரத்தில் யாரைக் கேட்டாலும் பலகை என்பார்கள். இப்போது பலகையை மேலும் மேலும் அழுத்திச் செங்குத்துக்கு அப்பால் தள்ளுங்கள். 'தப்'பென்று புரண்டு, குறியிட்ட முகம் கீழே போய்விடுகிறது. அதன் பின் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அது திரும்பாது. தலைகீழாகவும் முன்பு இருந்த அதே உறுதியோடு மிதக்கிறது! புட்டியைத் தலைகீழாக அமிழ்த்தி விடுங்கள். விட்ட மறுகணம் நிமிர்ந்துவிடுகிறது.

காரணம் இதுதான். மிதக்கும் பொருளின் எடை அதன் ஈர்ப்பு மையத்தில் கீழ்நோக்கிச் செயல்படுகிறது. நீரின் மிதப்பு விசை, வெளியேற்றப்பட்ட நீரின் மையத்தில் மேல்நோக்கிச் செயல்படுகிறது. பலகை சாயும்போது அமிழ்ந்த பக்கம் அதிக நீரை வெளியேற்றுவதால் மிதப்பு மையம் அந்தப் பக்கமாக நகர்ந்து, ஓரத்தை மேலே தூக்குகிறது. அகலம் தரும் உறுதி இது. சிறு சாய்வுகளில் மிக வலியது. ஆனால் சாய்வு மிகும்போது குறைந்து, ஒரு கட்டத்தில் பூஜ்யமாகி, அதைத் தாண்டினால் எதிர்ப்பக்கம் வேலை செய்யத் தொடங்கிவிடும். புட்டியிலோ ஈர்ப்பு மையம் அடியில் இருக்கிறது. சிறு சாய்வில் அது தரும் நிமிர்த்தும் திறன் குறைவு. சாயச் சாயக் கூடுகிறது. படுத்த நிலையில் மிக அதிகம். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையும் இதே தத்துவத்தில்தான் எழுகிறது.

பரிசல் பலகைக் குடும்பம். கடற்பயணப் படகு இரண்டும் கலந்தது. அதற்கு ஓரளவு அகலமும் உண்டு. ஏராவின் அடியில் ஈயமோ இரும்போ ஆன கனத்த எடையும் உண்டு. மாணவன் படத்தில் கண்ட சாய்வு, காற்றின் திருப்புத்திறனும் படகின் நிமிர்த்தும் திருப்புத்திறனும் சமமாகி நிற்கும் இடம். நேராக நிற்கும் படகின் நிமிர்த்தும் திறன் பூஜ்யம் அல்லவா? சாய்ந்தால்தான் அது பிறக்கும். ஆகவே அந்தச் சாய்வு படகின் பலவீனம் அன்று. காற்றுக்கு அது கொடுக்கும் பதில்.

ஒரு படகு எத்தனை பாகைவரை சாய்ந்தாலும் தானே நிமிரும் என்பதைப் படகு வடிவமைப்பாளர்கள் கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். பெருங்கடலுக்குச் செல்லும் நல்ல படகில் அது 120 பாகையையும் தாண்டும். பாய்மரம் தண்ணீரில் படுத்துவிட்டாலும் (அது 90 பாகை) படகு எழுந்துவிடும் என்று பொருள்.

புட்டிச் சோதனையில் இன்னொன்றும் உண்டு. மூடியைக் கழற்றிவிட்டு அதையே திரும்பச் செய்து பாருங்கள். தண்ணீர் புகுந்து, மணலோடு புட்டி அடியில் போய் உட்கார்ந்துவிடும். நிமிரும் திறனெல்லாம் உள்ளே நீர் புகாதவரைதான். தாரிணியின் மேல்தளம் மூடியது. இறங்கும் வாயில்களை நீர் புகாமல் அடைக்கலாம். பரிசல் திறந்த பாத்திரம். விளிம்பு ஒருமுறை தண்ணீருக்குள் போனால் பாகைக் கணக்குக்கே வேலையில்லை. காவிரியில் நீர்வரத்து கூடும்போது மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை விதிப்பது சும்மா அல்ல.

1979 ஆகஸ்டில் நடந்தது

அகலத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை உலகம் ஒருமுறை கண்டது. 1979 ஆகஸ்டில் இங்கிலாந்திலிருந்து அயர்லாந்தின் தென்முனைப் பாறை ஒன்றைச் சுற்றி வரும் ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் 303 படகுகள் கலந்துகொண்டன. நடுவழியில் புயல் பிடித்துக்கொண்டது. பந்தயத்தில் சென்றோரில் 15 பேர் உயிரிழந்தனர். எழுபதுக்கும் மேற்பட்ட படகுகள் புரண்டன. பந்தய விதிகளுக்கு ஏற்ப வேகத்துக்காக எடை குறைத்து, அகலம் கூட்டிக் கட்டிய படகுகள் அவற்றில் பல. புரண்டவற்றில் சில உடனே நிமிரவில்லை. இன்னொரு செய்தி என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. ஆட்கள் கைவிட்டு இறங்கிய படகுகள் 24. அவற்றில் மூழ்கியவை 5 மட்டுமே. மற்ற 19 படகுகளும் பின்னர் மிதந்தபடியே கண்டெடுக்கப்பட்டன.

இதன் பிறகு அமெரிக்கப் பாய்ப்படகு அமைப்பினரும் கப்பல் பொறியாளர்களும் ஆராய்ந்து ஓர் எளிய கணக்கைத் தந்தார்கள். படகு வெளியேற்றும் நீரின் பருமனுக்குக் கனமூலம் காணுங்கள். படகின் அகலத்தை அதனால் வகுங்கள். விடை 2க்கு மேல் இருந்தால், அந்தப் படகைப் பெருங்கடலுக்குக் கொண்டுபோகுமுன் யோசிக்க வேண்டும். நீளத்தை நீளத்தால் வகுப்பதால் மீட்டரில் கணக்கிட்டாலும் அடியில் கணக்கிட்டாலும் ஒரே விடைதான்.

தாரிணிக்குப் போட்டுப் பார்ப்போம். 23 டன் படகு வெளியேற்றும் கடல்நீரின் பருமன் சுமார் 22.4 கன மீட்டர். அதன் கனமூலம் 2.82. அகலம் 5 மீட்டர். 5ஐ 2.82ஆல் வகுத்தால் 1.77. தேறிவிட்டது! பரிசலின் விட்டம் 2.2 மீட்டர் என்றும், ஐந்து பேருடன் மொத்த நிறை 350 கிலோ என்றும் கொள்வோம். பருமன் 0.35 கன மீட்டர், கனமூலம் 0.7, விடை 3.1. கடலுக்கு ஆகாது.

ஆனால் இந்தக் கணக்கை மிகவும் நம்பிவிடாதீர்கள். இது அகலத்தையும் எடையையும் மட்டுமே பார்க்கிறது. எடை எங்கே இருக்கிறது என்று கேட்பதில்லை. தாரிணியின் அடியில் உள்ள கனத்தையெல்லாம் கழற்றிப் பாய்மரத்தின் உச்சியில் கட்டினாலும் விடை அதே 1.77தான்!

வேகத்துக்கு ஓர் எல்லை

பாயைப் பெரிதாக்கினால் வேகம் கூடிக்கொண்டே போகுமா? போகாது. படகு செல்லும்போது முன்னால் ஓர் அலை எழுகிறது. வேகம் கூடக் கூட அந்த அலையின் நீளமும் கூடுகிறது. நொடிக்கு இத்தனை மீட்டர் என்ற அலையின் வேகம், மீட்டரில் அதன் நீளத்தின் வர்க்கமூலத்தை 1.25ஆல் பெருக்கினால் கிடைக்கும். அலையின் நீளம் படகின் நீளத்துக்குச் சமமாகும்போது, படகு தானே உண்டாக்கிய பள்ளத்தில் தானே உட்கார்ந்திருக்கும். மேலும் விரைய வேண்டுமானால் தன் அலை மீதே ஏற வேண்டும். நீர்மட்டத்தில் 16 மீட்டர் நீளமுள்ள படகுக்கு இந்த எல்லை நொடிக்கு 5 மீட்டர், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர். 9 மீட்டர் படகுக்கு மணிக்கு 13.5 கிலோமீட்டர்தான். மிக இலேசான பந்தயப் படகுகள் அலை மீது ஏறிச் சறுக்கி இதைத் தாண்டும். இரண்டு மாத உணவையும் குடிநீரையும் ஏற்றிச் செல்லும் படகுக்கு அது எளிதல்ல.

2024இல் தாரிணி கோவாவிலிருந்து ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டில் வரை ஏறத்தாழ 4,900 கடல் மைல்களை 39 நாட்களில் கடந்தது. சராசரி வேகம் மணிக்குப் பத்துக் கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. நீங்கள் பள்ளிக்குச் சைக்கிளில் போகும் வேகம்! ஆனால் அந்தச் சைக்கிள் இரவும் பகலும் நிற்பதில்லை.

வேகம் குறைந்த படகு வென்ற கதையும் நம் நாட்டோடு தொடர்புடையதுதான். பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட 32 அடிப் படகு 'சுஹைலி'. 1968இல் தனியாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றும் முதல் பந்தயத்தில் ஒன்பது பேர் புறப்பட்டனர். சுஹைலியைவிட வேகமான படகுகள் அதில் இருந்தன. 1969 ஏப்ரலில் பயணத்தை முடித்துக் கரை சேர்ந்தது சுஹைலியில் சென்ற ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் ஒருவர் மட்டுமே.

அதே சுஹைலியின் வடிவில், தாரிணி பிறந்த அதே கோவா படகுத் துறையில் கட்டப்பட்டது 'துரியா'. இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி 2018இல் அதில் தனியாகச் சென்றார். செப்டம்பர் 21ஆம் நாள் தெற்கு இந்தியப் பெருங்கடலில் கடும் புயல். பத்து மீட்டருக்கும் மேலான அலைகள். படகு முழுவதுமாக உருண்டது, பாய்மரங்கள் முறிந்தன, அவருடைய முதுகெலும்பில் காயம் ஏற்பட்டது. படகோ உருண்டபின் நிமிர்ந்து மிதந்தது. உள்ளே அசைய முடியாமல் கிடந்தவரை மூன்றாம் நாள் ஒரு பிரெஞ்சுக் கப்பல் வந்து மீட்டது.

வடிவில் குறையில்லாத படகு ஏன் உருண்டது? உடைந்து விழும் அலை பக்கவாட்டில் அறையும்போது, அலையின் உயரம் படகின் நீளத்தில் ஏறத்தாழ 60 சதவீதத்தை எட்டினால் எந்த வடிவப் படகும் புரளும் என்று ஃபாஸ்ட்நெட்டுக்குப் பின் தொட்டிகளில் மாதிரிப் படகுகளைக் கொண்டு செய்த சோதனைகள் காட்டின. 32 அடி என்பது பத்து மீட்டருக்கும் குறைவு; 60 சதவீதம் ஆறு மீட்டர்கூட இல்லை. அன்று வந்தவை அதைவிடப் பெரியவை. நீளமான படகுக்கு இங்கே ஒரு சலுகை உண்டு. 17 மீட்டர் தாரிணியை அப்படிப் புரட்ட, பத்து மீட்டர் உயர அலை அதன் பக்கத்தில் உடைய வேண்டும்.

பாய்மரத்துக்கு இதில் மறைவான ஒரு பங்கு உண்டு. கழைக்கூத்தாடி கையில் நீண்ட கழியைப் பிடித்துக்கொண்டு கயிற்றில் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். கழி அவருடைய நிலைமத் திருப்புத்திறனைக் கூட்டுவதால் அவர் சட்டென்று சாய்வதில்லை. உயர்ந்த பாய்மரமும் அலையின் திடீர் அடியில் படகை மெதுவாகவே உருள விடுகிறது. அது முறிந்துவிட்டால் படகு இரண்டாம் முறை உருள்வது எளிதாகிவிடும். கயிறுகளில் தொங்கும் முறிந்த மரம் பக்கச்சுவரை இடித்துக்கொண்டே இருப்பது வேறு.

அந்த மாணவனுக்கு ஒரு வேலை கொடுத்தேன். உங்களுக்கும் அதுவே. அடுத்த முறை ஒகேனக்கல்லுக்குப் போகும்போது ஒரு நூலைக் கொண்டுபோய்ப் பரிசலின் விட்டத்தையும், ஒவ்வொருவர் ஏறும்போதும் விளிம்பு தண்ணீருக்கு மேல் எத்தனை விரற்கடை நிற்கிறது என்பதையும் அளந்து வாருங்கள். பரிசல்காரரிடம் கேட்டுக்கொண்டு, கரையோரத்தில் நிற்கும்போதே. 2.2 மீட்டர் விட்டமானால் 60 கிலோ உள்ள ஒருவர் ஏறும்போது அது ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக அமிழ வேண்டும். பிறகு மேலே சொன்ன வகுத்தல் கணக்கை ஐந்து பேருக்கும் எட்டுப் பேருக்கும் தனித்தனியாகப் போடுங்கள். எட்டுப் பேர் ஏறினால் விடை 3.1லிருந்து 2.7க்குக் குறைகிறது, அதாவது பரிசல் 'பத்திரமாகிக்கொண்டே' வருவதாகக் கணக்கு சொல்கிறது. விளிம்பு என்ன சொல்கிறது என்று பாருங்கள்.